நாகர்கோவில் டவுனா, கோட்டாறா? முதல் ரயில் பயணம், டிக்கெட் ஆர்ஏசி, உதவி வேண்டும்

திங்கள்நகர் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வியாழக்கிழமை நானும் அம்மாவும் சென்னைக்குப் போகிறோம். குரோம்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பேறு. ஊருக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாங்கள்தான் போக வேண்டும். இதுவரை எங்கே போனாலும் பஸ்தான். அம்மாவுக்கு 62 வயது, இரண்டு முட்டியிலும் வலி. ராத்திரி முழுக்க காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது என்பதால் இந்தத் தடவை ரயில். நாங்கள் இரண்டு பேருமே ரயிலில் ஏறியது கிடையாது.

பக்கத்து பிரவுசிங் சென்டரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் போட்டுக் கொடுத்தார்கள். டிக்கெட்டில் ஏறும் இடம் ‘நாகர்கோவில் டவுன்’, இறங்கும் இடம் சென்னை எழும்பூர், இரண்டு பேருக்கும் ஆர்ஏசி. டவுன் என்பது கோட்டாறு ஸ்டேஷன்தானா? ஆர்ஏசி என்றால் அம்மா நின்றுகொண்டே வர வேண்டியிருக்குமா? எங்களுக்கு இரணியல் ஸ்டேஷன்தான் பக்கம், அங்கேயே ஏறிவிடலாமா? எங்கே இறங்கினால் குரோம்பேட்டைக்கு வசதி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரெண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

வடசேரி தம்பி:
அக்கா, பயப்பட வேண்டாம். எல்லா ரயிலும் கோட்டாறு வந்துதான் போகும். ஒரு மணி நேரம் முன்னாடியே ஜங்ஷனுக்குப் போய்விடுங்கள், போதும்.

கோட்டாறு பயணி:
தம்பி, அது தவறு. அக்கா, தயவுசெய்து கோட்டாறுக்குப் போய்விடாதீர்கள். நாகர்கோவிலில் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. கோட்டாறில் இருப்பது நாகர்கோவில் ஜங்ஷன், டிக்கெட்டில் அதன் குறியீடு என்சிஜே. டவுன் வேறு இடம், அதன் குறியீடு என்ஜேடி. உங்கள் வண்டி ஜங்ஷனுக்கு வராது.

காரணம் சொன்னால் மறக்காது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாதை வந்தது 1979-இல். திருநெல்வேலிப் பாதை 1981-இல் வந்து சேர்ந்தது. இரண்டும் ஜங்ஷனில் கூடும் விதத்தால், திருவனந்தபுரம் பக்கமிருந்து வந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டி ஜங்ஷனுக்குள் போனால், இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டித்தான் கிளம்ப முடியும்.  அந்த நேரத்தை மிச்சப்படுத்த ஒரு பைபாஸ் பாதை உண்டு. அனந்தபுரி டவுனில் நின்று அந்தப் பாதை வழியாக நேரே போய்விடும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில் கிளம்பி வருவதால் அதற்கு ஜங்ஷன். ஆக, எந்த வண்டி என்பதை வைத்துத்தான் எந்த ஸ்டேஷன் என்பது.

ஆட்டோக்காரரிடம் வெறுமனே “ரயில்வே ஸ்டேஷன்” என்று சொன்னால் நம் ஊரில் கோட்டாறுக்குத்தான் கொண்டு விடுவார். “டவுன் ஸ்டேஷன்” என்று சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். பதினைந்து வருஷமாகச் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போய் வருகிறேன். ஜங்ஷனில் பெட்டிகளோடு நின்றுகொண்டு, வண்டி டவுனைத் தாண்டிவிட்டது என்று தெரிந்து அழுத குடும்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரணியல் விஷயம்: உங்கள் வண்டி இரணியலைத் தாண்டித்தான் டவுனுக்கு வருகிறது. ஆனால் உங்கள் டிக்கெட் டவுனிலிருந்துதான் செல்லும். ஏறும் இடத்தை மாற்ற வசதி உண்டு, முன்கூட்டியே செய்ய வேண்டும். அதிலும் டிக்கெட்டில் உள்ள ஊருக்கு அடுத்து வரும் ஸ்டேஷன்களுக்குத்தான் மாற்றலாம், வள்ளியூர், திருநெல்வேலி என்று. பின்னால் இருக்கும் இரணியலுக்கு மாற்ற முடியாது. இந்தத் தடவை டவுனுக்கே போங்கள்.

வடசேரி தம்பி:
மன்னிக்கவும் அக்கா. நான் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மட்டுமே போயிருக்கிறேன், அதை வைத்துச் சொல்லிவிட்டேன்.

குழித்துறை டீச்சர்:
மக்கா, ஆர்ஏசி பற்றி நான் சொல்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் வேறு, ஆர்ஏசி வேறு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல்) தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து வண்டியில் ஏறக் கூடாது. ஆர்ஏசி அப்படி இல்லை. உட்கார இடம் உறுதி. ஜன்னல் ஓரம் நடைபாதையை ஒட்டி இருக்கும் சைடு லோயர் படுக்கையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை, மடக்கிப் போட்டால் ஒரு படுக்கை. முன்பின் தெரியாத ஒருவரோடு பகிர்வதுதான் சங்கடம். ஒரே டிக்கெட் என்பதால் பெரும்பாலும் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே படுக்கைதான் வரும். அம்மையைப் படுக்க வைத்துவிட்டு நீ கால்மாட்டில் உட்காரலாம். மோசமான நிலைமையே அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்குள் யாராவது ரத்து செய்தால் முழுப் படுக்கையே கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. டிக்கெட்டில் இருக்கும் 10 இலக்க பி.என்.ஆர். எண்ணை வைத்து ரயில்வேயின் 139 போன் எண்ணில் கேட்டால் நிலவரம் தெரியும். அந்த எண்ணை இங்கே போட்டுவிடாதே. இன்னொன்று, சென்டரில் அவர்களுடைய போன் நம்பரைக் கொடுத்திருந்தால் உனக்கு மெசேஜ் எதுவும் வராது. டிக்கெட்டில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்.

வண்டி கிளம்பியதும் டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர், வருவார். “அம்மாவுக்கு 62 வயசு, முட்டி வலி, கீழ்ப் படுக்கை ஏதாவது காலியாக இருக்கிறதா?” என்று மரியாதையாகக் கேள். வராதவர்களின் கீழ்ப் படுக்கையை வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க விதியிலேயே இடம் இருக்கிறது. கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதே. அசல் ஆதார் அட்டை இரண்டு பேருக்கும் கையில் இருக்கட்டும்.

திங்கள்நகர் அக்கா:
டீச்சர், அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. போய்ப் பார்த்தேன், சென்டர்காரர் நம்பர்தான் இருக்கிறது! கேட்காமல் விட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்புறம் சாமான் சந்தேகம். 15 தேங்காய், மட்டிப்பழம் ஒரு குலை, ஏத்தன்காய் சிப்ஸ், கருப்பட்டி, பேறுகால மருந்துச் சாமான், கொஞ்சம் சாளைக் கருவாடு. இவ்வளவும் கொண்டுபோக விடுவார்களா? எங்கள் பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டாறு பயணி:
ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம், அதனால் எடை பிரச்சினை இல்லை. ஏற்றுவதுதான் பிரச்சினை. டவுனில் வண்டி நிற்பதே கொஞ்ச நேரம். முட்டி வலிக்காரரையும் ஏற்றி 15 தேங்காயையும் ஏற்றப் பார்க்காதீர்கள். தேங்காயைப் பாதியாக்குங்கள், மூன்று பைக்கு மேல் வேண்டாம். கருவாட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூடிய பெட்டியில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ராத்திரி முழுக்கக் கஷ்டம். வழியனுப்ப வருபவருக்கு 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, அவரைச் சாமானோடு முன்னால் ஏறச் சொல்லுங்கள். வைத்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

பெட்டி எண் கதவுப் பக்கம் எழுதியிருக்கும், எஸ்3, எஸ்4 என்று. எது எங்கே நிற்கும் என்று ஸ்டேஷனில் கேட்டு அங்கேயே நில்லுங்கள். வேறு இடத்தில் நின்றுவிட்டால் அம்மாவை ஓட வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எந்த ஸ்லீப்பர் பெட்டியிலும் ஏறி உள்ளேயே நடந்து போகலாம். அன்ரிசர்வ்டு பெட்டியில் மட்டும் ஏறாதீர்கள், அங்கிருந்து உள்வழியாக வருவது கஷ்டம்.

படுக்கை எண்ணை 8-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப் படுக்கை, 2, 5 நடு, 3, 6 மேல், 7 சைடு லோயர், மீதி இல்லாமல் வந்தால் சைடு அப்பர். ஸ்லீப்பரில் பொதுவாகப் போர்வை தர மாட்டார்கள், நீங்கள் கொண்டுபோங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை எந்த முனையில் என்று ஏறியதும் பார்த்து வையுங்கள். ராத்திரியில் அம்மாவை அலைய விட வேண்டாம்.

எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்குங்கள். குரோம்பேட்டை அங்கிருந்து கிட்ட. டிக்கெட் எழும்பூருக்கு இருந்தாலும் முன்னால் இறங்கத் தடை இல்லை. செங்கல்பட்டு வந்ததும் பைகளை எடுத்துத் தயாராகுங்கள், அங்கிருந்து தாம்பரம் 30 கிலோமீட்டர் போல.

திங்கள்நகர் அக்கா:
வந்து சேர்ந்துவிட்டோம். முதலில் வந்த ஆட்டோக்காரர் “கோட்டாறுதானே?” என்றுதான் கேட்டார். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் சரி என்று தலையாட்டியிருப்பேன். சார்ட் வந்தபோதும் ஆர்ஏசிதான், எஸ்4-இல் 23. வகுத்துப் பார்த்தேன், மீதி 7, சைடு லோயர். திருநெல்வேலி தாண்டி டிடிஇ-யிடம் கேட்டேன். பட்டியலைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு 33 கொடுத்தார். விழுப்புரம் வரை காலை நீட்டித் தூங்கினாள். பஸ்ஸில் ஒரு நாளும் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துத் தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவோம். மூத்தவனுக்கு 4 வயது. பிள்ளைகளுக்கு டிக்கெட் எப்படி?

குழித்துறை டீச்சர்:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது மக்கா. 5 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12-க்குள் என்றால் படுக்கை இல்லாமல் அரை டிக்கெட், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். அன்றைக்கே எடுத்துவிடு. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் வயதானவர்களுக்கான கீழ்ப் படுக்கைத் தனி ஒதுக்கீடு கிடைக்காது, அந்த இரண்டு பேருமே அதற்குத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். அதனால் அம்மைக்குத் தனியாக ஒன்று, உனக்கும் தங்கைக்கும் ஒன்று என்று எடு. இறங்கும் இடம் இரணியல் என்று போடச் சொல்.