மருந்துக்கடையில் ஸ்டோமா வகையைச் சொல்லிக் கேளுங்கள் (அனுபவப் பகிர்வு)

தந்தையைப் பராமரிக்கும் மகள்:

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது, உள்தையல் ஆறும்வரை இருக்கட்டும் என்று என் தந்தைக்குத் தற்காலிக இலியோஸ்டமி வைத்தார்கள். கழிவு வெளியேறி ஒரு பையில் சேர, வயிற்றில் அமைக்கும் திறப்புதான் ஸ்டோமா; அதில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெளியே கொண்டுவரும் வகை இது. பெருங்குடல் நீரை உறிஞ்ச வாய்ப்பில்லாததால் பையில் வருவது கூழாகவோ தண்ணீராகவோதான் இருக்கும். ஒரு நாள் பையைக் காலி செய்தபோது, அவர் சர்க்கரைக்காக விழுங்கிய மெட்பார்மின் எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) மாத்திரை உப்பிப்போய், ஆனால் உருக்குலையாமல் கிடந்தது.

மருந்துக்கடையில் இதைச் சொன்னதும், அங்கிருந்த மருந்தாளுநர் அம்மா முதலில் கேட்டது, "ஸ்டோமா வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்பதுதான். இலியோஸ்டமி பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும்; நானும் வலப்பக்கம் என்றேன். சில எஸ்ஆர் மாத்திரைகளில் மருந்து கரைந்தபின் வெறும் கூடு மட்டும் வெளியேறுவது உண்டென்றாலும், இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு மருந்து முழுவதும் உறிஞ்சப்படுமுன்பே மாத்திரை வெளியேறிவிடலாம் என்றும், அதற்காக அதைப் பொடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்றும் விளக்கி, மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் சாதாரண மெட்பார்மினாக மாற்றி, வேளைகளைப் பிரித்துக் கொடுத்தார்.

அந்த அம்மா சொன்ன இன்னொன்றையும் இலியோஸ்டமி உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே அதிகமாகக் குடித்தால் உடலிலிருந்து உப்பும் சேர்ந்து வெளியேறி, பை இன்னும் வேகமாக நிறையும். அதனால் ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த நீரிழப்புக் கரைசல்) குடிக்க வேண்டும்; பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். இளநீரில் சோடியம் குறைவு என்பதால் அது ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது. பையில் சேர்வது நாளுக்கு 1500 மில்லிக்கு மேல் போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் மெட்பார்மினையும், நீர் பிரிவதற்கான பிபி மாத்திரையையும் தொடரலாமா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பத்தை, பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை, காளான் ஆகியவை ஸ்டோமாவை அடைத்துக்கொள்ளக் கூடியவை.

கொலாஸ்டமி உள்ள உறுப்பினர்:

எனக்கு நிலைமை நேர்மாறானது, சகோதரி. பெருங்குடலை வெளியே கொண்டுவரும் இடப்பக்கக் கொலாஸ்டமி என்பதால் மலம் கெட்டியாகவே வரும். டிராமடால் என்ற வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தபோது மலச்சிக்கல் கடுமையாகிவிட்டது. இரும்புச்சத்தால் மலம் கறுப்பது இயல்பு என்று மருந்தாளுநர் தெளிவுபடுத்தினார். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடாதவருக்குக் கறுத்தால் இரத்தக் கசிவாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். எனக்குக் கீரையும் பப்பாளியும் தண்ணீரும் அதிகம் வேண்டும்; இலியோஸ்டமிக்கான உணவு அறிவுரை எனக்கு உதவாது. தோல் எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் பை ஒட்டாது என்று அவர் சொன்னது மட்டும் எல்லா வகைக்கும் பொருந்தும்.

யூரோஸ்டமி உள்ளவரின் மகன்:

என் அம்மாவுக்குச் சிறுநீர் வரும் ஸ்டோமா. குடல் துண்டைக் கொண்டு வழி அமைத்திருப்பதால் சளி இழை போலக் கலந்து வருவது இயல்புதான். அதற்காக மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்து பரிசோதனை எழுதினால், பையில் தேங்கிய சிறுநீரைக் கொடுக்காமல், ஸ்டோமாவிலிருந்தே செவிலியரை எடுக்கச் சொல்லுங்கள். பையில் கிருமி எப்போதும் இருக்கும் என்பதால் அந்த முடிவை நம்ப முடியாது.