இண்டக்‌ஷன் அடுப்புல இரும்பு தோசைக்கல்: நடுவுல கருகுது, ஓரம் வேகல

நெதர்லாந்து ஐந்தோவனுக்கு வந்து 8 மாசம் ஆச்சு, இன்னும் ஒரு முழு தோசை ஒழுங்கா சுட்டபாடில்ல. வாடகை வீட்ல இண்டக்‌ஷன் மட்டும்தான். அம்மா குடுத்துவிட்ட வார்ப்பு இரும்புக் கல் 30 செ.மீ, லக்கேஜ்ல 3 கிலோ அதுக்கே போச்சு, அடுப்புல பெரிய வட்டமே 21 செ.மீ தான். நடுவுல கருப்பா ஒரு வளையம், ஓரத்துல பச்சை மாவு அப்படியே நிக்குது.

லெவல் 4ல 10 நிமிஷம் மெதுவா சூடு பண்ணேன், வெங்காயம் தேச்சேன், கல்லைத் திருப்பித் திருப்பி வச்சேன், ம்ஹூம். போன வாரம் இங்க உள்ள கடைல நான்ஸ்டிக் பான்கேக் பேன் வாங்கினேன், சமமா வேகுது ஆனா முறுகலே வரல, டச்சுக்காரங்க பன்னகூக்கனுக்கு (அவங்க ஊரு பான்கேக்) அது போதும், நமக்கு?

இண்டக்‌ஷன்லயே முறுகலா தோசை சுடுறவங்க என்ன கல், எத்தனை செ.மீ வச்சிருக்கீங்க?