குரூசியின் வெளிப்புரதம்: ட்ரைட்டான் எக்ஸ்-114 போதுமா, பயோட்டின் வேணுமா?

சேர்வராயன்:
சாகஸ் நோய் ஒட்டுண்ணி டிரிபனோசோமா குரூசியின் சவ்வுப் புரதத்தைப் பிரிக்க ட்ரைட்டான் எக்ஸ்-114 என்ற சவர்க்காரம் போதும், புரதத்தில் ஒட்டி அடையாளமிடும் பயோட்டின் வீண் செலவு. இதுதான் என் கட்சி. குளிரில் கலங்காமல் இருக்கும் இந்தக் கரைசல் 20-22 டிகிரி தாண்டினால் தானே மேலே நீர்ப்பகுதி, அடியில் சவர்க்காரப் பகுதி என இரண்டாகப் பிரியும். 2% கரைசலில் செல்லை ஐஸில் ஒரு மணி நேரம் வைத்து, 4 டிகிரியில் சுழற்றிக் கசடை நீக்கி, 37 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 3,000 ஜி விசையில் மறுபடி சுழற்றணும். மியூசின் (சர்க்கரை போர்த்திய புரதம்), டிரான்ஸ்-சியாலிடேஸ் நொதி எல்லாம் ஜி.பி.ஐ. என்ற கொழுப்பு நங்கூரத்தில் சவ்வில் நிற்பவை, அடிப்பகுதிக்கு வந்துடும்.

அஸ்தம்பட்டி ஜெல்:
அடியில் வந்ததெல்லாம் வெளிப்புறம் ஆகிடுமா சார்? மைட்டோகாண்ட்ரியா சவ்வும் கூடத்தான் வரும். உயிரோடிருக்கும் செல்லில் புரதத்தின் அமீனைப் பிடிக்கும் சல்ஃபோ-என்.எச்.எஸ். பயோட்டின் ஒட்டுங்க, அது உள்ளே நுழையாது. 4 டிகிரி, 30 நிமிடம், முடிவில் மிச்சப் பயோட்டினைத் தீர்க்க 100 மில்லிமோலார் கிளைசின். தாங்கல் கரைசல் பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) தான், டிரிஸ் போட்டால் அதன் அமீனே பயோட்டினைத் தின்னுடும். பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் பிடித்ததை ஜெல்லில் ஓட்டி, செல்லுக்குள் இருக்கும் நுண்குழல் புரதமான டியூபுலின் பட்டை தெரிஞ்சா செத்த செல் கலந்திருக்கு. சவ்வுக்கு நேர் கீழேயே நுண்குழல் வரிசை இருப்பதால் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

சேர்வராயன்:
டியூபுலின் சோதனை சரி, ஏத்துக்கறேன். ஆனா மியூசின் முழுக்கச் சர்க்கரைக் காடு. உங்க பயோட்டின் தேடும் லைசின் என்ற அமினோ அமிலம் அதற்குள்ளே ஒளிஞ்சிருக்கும். ஜெல்லில் புரதத்தைக் காட்டும் கூமாஸி சாயமும் சரியா ஏறாது. பட்டை காணோம் என்றால் புரதமே இல்லைன்னு முடிவு கட்டிடுவீங்களா?

செவ்வாய்ப்பேட்டை:
இரண்டு பேரும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை மறந்துட்டீங்க. குரூசியால் அதைச் சொந்தமாகச் செய்ய முடியாது. விருந்தோம்பியிடமிருந்து டிரான்ஸ்-சியாலிடேஸ் மூலம் பிடுங்கி மியூசின் மேல் ஒட்டிக்கும். அதில் ஆல்டிஹைடு உண்டாக்க 1 மில்லிமோலார் சோடியம் பெர்அயோடேட், ஐஸில், இருட்டில், 30 நிமிடம். பிறகு அந்த ஆல்டிஹைடில் ஒட்டும் பயோட்டின் ஹைட்ரசைடு. முன்னாடி சீரம் இல்லாத பி.பி.எஸ்.ஸில் மூணு தடவை கழுவணும், இல்லாட்டி மாட்டு சீரப் புரதம்தான் பளிச்சுன்னு தெரியும்.

அஸ்தம்பட்டி ஜெல்:
நல்ல வழி. ஆனா பழகிப் பார்க்க ஆபத்தில்லாத பூச்சி ஒட்டுண்ணி கிரித்திடியாதான் வசதி, அதில் டிரான்ஸ்-சியாலிடேஸ் கிடையாதே. அங்கே ஜிபி63 என்ற வெளிப்புரதம் தான் நமக்கு அடையாளம். அது துத்தநாகப் புரதேஸ் (புரதத்தை வெட்டும் நொதி), ஈ-64 என்ற தடுப்பான் அடக்காது, ஃபெனாந்த்ரோலின் வேணும். குரூசியில் தலைகீழ்: அதன் புரதேஸ் க்ரூசிபைன் சிஸ்டீன் வகை, ஈ-64 10 மைக்ரோமோலார் போடாமல் பி.எம்.எஸ்.எஃப். தடுப்பானை மட்டும் நம்பினா மாதிரி கரைஞ்சு போயிடும்.

சேர்வராயன்:
என் முறைக்கும் சோதனை உண்டு. அடிப்பகுதியை பி.ஐ.-பி.எல்.சி. நொதியில் வைத்து மறுபடி பிரிங்க, ஜி.பி.ஐ. புரதம் கொழுப்பு வாலை இழந்து மேலே நீர்ப்பகுதிக்குப் போகும். மைட்டோகாண்ட்ரியா புரதம் அடியிலேயே கிடக்கும். உங்க முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

செவ்வாய்ப்பேட்டை:
பதில் பாதிதான். பல தடவை சவ்வைத் துளைக்கும் டிரான்ஸ்போர்ட்டர்களுக்கு (பொருள் கடத்தும் புரதங்களுக்கு) ஜி.பி.ஐ. கிடையாது, அவை மைட்டோகாண்ட்ரியா கூட்டத்திலேயே மறைஞ்சிடும். ஜெல்லில் ஏற்றும்போது அவற்றை 95 டிகிரியில் கொதிக்க வைக்கவும் கூடாது. திரண்டு கிணற்றிலேயே நிற்கும். 37 டிகிரி, அரை மணி.

இன்னொன்று, புரோட்டோகாலில் ‘அறை வெப்பநிலை’ன்னு இருந்தா நம்பாதீங்க. மே மாத சேலத்தில் ஐஸை விட்டு எடுத்த குழாய் கையிலேயே கலங்கும். டிசம்பர் ஏற்காட்டில் அதே குழாய் மேசை மேல் எவ்வளவு நேரம் இருந்தாலும் பிரியாம நிக்கலாம். சுழற்சி இயந்திரத்துக்குள் தெர்மாமீட்டர் வைங்க. 37 டிகிரியிலும் பிரியலைன்னா பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, ட்ரைட்டான் எக்ஸ்-100 ஆக இருக்கும். அதன் கலங்கு நிலை 64 டிகிரி.