இன்சாட் படத்தில் பளீர் வெள்ளை, தரையில் சொட்டு மழை இல்லை: ஏன்?

வேளச்சேரிவாசி:
நேத்து ராத்திரி இன்சாட்-3டிஆர் வானிலை செயற்கைக்கோளோட அகச்சிவப்புப் படத்தில் சென்னை முழுக்க பளீர்னு வெள்ளை. நிறம் ஏத்தின படத்தில் மேக உச்சி மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே. வெளியே வந்து பார்த்தா தூறல்கூட இல்லை. ஆனா ஜூன்ல வால்பாறை மலைப்பக்கம் சின்னக்கல்லாறில் கொட்டித் தீர்த்தப்போ இதே படத்தில் வெறும் சாம்பல் நிறம்தான். இதை எப்படிங்க படிக்கிறது?

ரேடார்பித்தன்:
அந்த அகச்சிவப்புப் படத்தில், அதாவது 10.8 மைக்ரான் சேனல்ல, தெரியறது மேகத்தோட உச்சி எவ்வளவு குளிர்னு மட்டும்தான். அடியில் மழை பெய்யுதான்னு அதுக்குத் தெரியாது. நேத்து சாயங்காலம் ராணிப்பேட்டை பக்கம் கிளம்பின இடிமழை சீக்கிரமே கடலுக்குள்ள போயிடுச்சு. ஆனா தென்மேற்குப் பருவத்தில் 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து ஜெட் காற்று நம்ம தலைக்கு மேலயே ஓடும். கீழ்க்காற்று இடிமேகத்தைக் கடலுக்குத் தள்ளும். மேல்காற்று அதோட பனித்துகள் தொப்பியை மட்டும் ஊருக்குள்ள இழுத்து விரிச்சிடும். நீங்க பார்த்தது அந்தத் தொப்பி.

மலைச்சாரல்:
சின்னக்கல்லாறு கதை நேர் எதிர். அரபிக்கடல் ஈரக்காற்று மலையில் மோதி ஏறும்போது, மேகம் ரொம்ப உயரம் வளராமலே துளியோடு துளி சேர்ந்து மழையாயிடும். உச்சி குளிராததால வெள்ளையா தெரியாது. மேக உச்சி 235 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 38 டிகிரி) கீழே இருந்தா மணிக்கு 3 மி.மீ. மழைன்னு ஒரு பழைய கணக்கு உண்டே, அது அங்கே பூஜ்யம்தான் காட்டும்.

வேளச்சேரிவாசி:
அப்போ பல செயற்கைக்கோள் அளவைச் சேர்த்து நாசா போடற ஐமெர்க் மழைக்கணக்கு தேவலையா? அதுலயும் அந்த நேரத்துக்குச் சென்னையில் மழைன்னுதான் இருக்கு.

ரேடார்பித்தன்:
ஐமெர்க்குக்கு அடிப்படையான, 2014-ல ஏவின ஜிபிஎம் செயற்கைக்கோளில் ரேடாரே இருக்கு, மேகத்துக்குள்ள புகுந்து பார்க்கும். ஆனா அதுவும் மழையை மைக்ரோவேவால அளக்கிற மத்த செயற்கைக்கோள்களும் நம்ம ஊரைக் கடக்கிற சில நிமிஷம்தான் நேரடி அளவு. நடுவுல இருக்கிற நேரத்தை, முன்னாடி எடுத்த அளவை நகர்த்தியும் அகச்சிவப்பை வெச்சும் நிரப்புவாங்க. தொப்பி மழையானது அப்படித்தான் இருக்கணும். ஐமெர்க்கோட முதல் பதிப்பு வரவே சுமார் 4 மணி நேரம் ஆகும், அதோட ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 11 கி.மீ. அகலம். வேளச்சேரிக்கு கிட்டத்து மழையை நுணுக்கமா காட்டற பள்ளிக்கரணை எக்ஸ்-பேண்ட் ரேடார்தான் சரி.

மலைச்சாரல்:
ரேடார் படம் கிடைக்காத நாள்ல, அரை மணிக்கு ஒண்ணா வர்ற இன்சாட் படங்கள் நாலைஞ்சை வரிசையா ஓடவிடுங்க. மேல்காற்று வர்ற பக்கத்து விளிம்பு வெட்டின மாதிரி கூர்மையா இருக்கும், உச்சி குளிரும் அங்கேதான் அதிகம். பெரும்பாலும் மழை அந்த விளிம்பை ஒட்டித்தான். எதிர்ப்பக்கம் நார்நாரா பிரிஞ்சு போறதைக் கணக்கிலேயே எடுக்காதீங்க.