மிக்சரும் வெளிப் பிளக்-இன்களும்: தாமதத்தைக் கையாண்ட அனுபவங்கள்

அரங்க ஒலியைக் கவனிக்கும் உறுப்பினர்:

டிஜிட்டல் மிக்சரோடு கணினியை இணைத்துப் பிளக்-இன்களை (ஒலியைப் பதப்படுத்தும் சிறு மென்பொருள்களை) இயக்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, லேட்டன்சி, அதாவது ஒலி போய்வர ஆகும் தாமதம், எத்தனை மில்லிசெகண்ட் என்பதைத்தான். அதைவிட முக்கியமானது, ஒரே ஒலி இரண்டு வழிகளில் வந்து சேரும்போது அவற்றுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது. மொத்தக் கலவையும் 5 மில்லிசெகண்ட் பிந்தினால், ஒலிபெருக்கியை ஏறக்குறைய 1.7 மீட்டர் பின்னே நகர்த்தியதற்கு அது சமம். கேட்பவர் எவருக்கும் அது தெரியாது. ஒரு டிரம் செட்டின் ஒரேயொரு மைக் மட்டும் அதே அளவு பிந்தினால் அந்த வாத்தியத்தின் உருவமே கெட்டுவிடும்.

வேறொருவர் அமைத்துவைத்திருந்த மிக்சரில் ஒருமுறை நான் பணியாற்ற நேர்ந்தது. ஸ்னேர் டிரம்மின் மேல் மைக்கில் மட்டும், யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய்த் திரும்பும் கம்ப்ரெசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் பிளக்-இன்) ஒன்று இன்சர்ட்டாக, அதாவது சேனலின் பாதையிலேயே செருகப்பட்டு, இருந்தது. அந்தச் சேனலைத் தனியே கேட்டபோது ஒலி திடமாக இருந்தது. அதே ஸ்னேரின் அடி மைக்கைத் திறந்தவுடன் மெலிந்து போனது. டிரம் மைக்குகள் சேரும் குரூப்பில் 250 ஹெர்ட்ஸ் பகுதி ஈக்யூவால் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியால்) தாராளமாக உயர்த்தப்பட்டிருந்தும் பயன் இல்லை. மிக்சர் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடியது, பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள். உள்ளே வர 2.67 மில்லிசெகண்ட், வெளியே போக அதே அளவு, டிரைவர் தன் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் சிறு பஃபர் வேறு. ஆக, சுற்றுப்பயணம் 6 மில்லிசெகண்டை நெருங்கியது. அவ்வளவு இடைவெளியில் இரு ஒலிகள் கலந்தால் 83, 250, 417 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். ஒன்றையொன்று அழித்துக்கொண்ட அலையை ஈக்யூவால் மீட்க முடியாது. டிரம் செட்டுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக் ஸ்னேரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் அதற்கு ஒலி இயல்பாக 3 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் போகும். இங்கே அருகிலிருந்த மைக் ஓவர்ஹெட்டுக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கம்ப்ரெசரைச் சேனலிலிருந்து எடுத்து, எல்லா டிரம் மைக்குகளும் சேரும் குரூப் பஸ்ஸில் வைத்ததும் ஸ்னேர் தன் உடலோடு திரும்பி வந்தது. சேனலிலேயே பிளக்-இன் வேண்டுமென்றால், அந்தக் குடும்பத்தின் மற்ற மைக்குகளையும் கணினியில் வெற்று ரேக்குகள் (பிளக்-இன் எதுவும் போடாத அடுக்குகள்) வழியாக அனுப்பித் திரும்பப் பெறலாம், அல்லது அவற்றுக்கு மிக்சரின் சேனல் டிலேயில் அதே அளவைக் கொடுக்கலாம். பாரலல் கம்ப்ரெஷனுக்கு (கம்ப்ரெஸ் செய்த ஒலியையும் செய்யாததையும் கலப்பதற்கு) நான் மிக்சரில் ஒரு வழியும் கணினியில் ஒரு வழியுமாகப் பிரிப்பதே இல்லை. பிளக்-இன்னுக்குள் இருக்கும் மிக்ஸ் குமிழ் போதும். ரிவெர்ப் மட்டும் விதிவிலக்கு. ரிட்டர்னில் நேரடி ஒலி துளியும் கலக்காதவரை அங்கே தாமதம் வெறும் ப்ரீ-டிலேதான் (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி). 30 மில்லிசெகண்ட் வேண்டுமென்றால் 24 வைத்தால் தீர்ந்தது, மீதி 6 கணினித் தாமதத்திலிருந்தே வந்துவிடும்.

கணினி மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி டிலேயை நிரப்ப வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். பிளக்-இன் அறிவிக்கும் தாமதம் அதில் இருக்கும்; டிரைவரும் நெட்வொர்க்கும் எடுத்துக்கொள்வது முழுமையாக இருக்குமென்று உறுதியில்லை. ஒரு கிளிக் ஒலியை, கணினிக்குப் போய்வரும் சேனலிலும் போகாத சேனலிலும் ஒரே நேரத்தில் செலுத்தி, இரண்டையும் பதிவுசெய்து சாம்பிள்களை எண்ணுவதே நம்பகமான வழி. அதற்கு வசதியில்லாதபோது ஒரு சேனலின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி), இரண்டும் அதிகபட்சமாக அழிந்து ஒலி அடங்கும்வரை மற்றதன் டிலேயை நகர்த்தலாம். சில டிரைவர்களில் கணினியை அணைத்துப் போட்டால் இந்த எண் சிறிது மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒலிச் சோதனைக்கு முன் மறுபடி அளந்துவிடுகிறேன். வரும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்-அஹெட் லிமிட்டர், எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதிக்கும் லீனியர்-ஃபேஸ் ஈக்யூ ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். பின்னது ஆயிரக்கணக்கான சாம்பிள்களைக் கேட்கக்கூடியது, 4096 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 85 மில்லிசெகண்ட். தாமதத்தைத் தானே ஈடுசெய்யும் மென்பொருளில், அப்படி ஒன்றை ஒரு ரேக்கில் போட்டாலே மற்ற ரேக்குகள் அனைத்தும் அதற்காகக் காத்து நிற்கும்.

மேடை மானிட்டரைக் கவனிக்கும் உறுப்பினர்:

முதலாமவர் சொன்னதுபோல் ஒரே ஒலி இரண்டு வழிகளில் வந்து சேர்வது, இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) அணிந்த பாடகருக்கும் உண்டு. அவ்வழிகளில் ஒன்று அவருடைய தலைக்குள்ளேயே இருக்கிறது. தன் குரலை அவர் எலும்பின் வழியாக உடனுக்குடன் கேட்கிறார், காதில் இருக்கும் கருவி சற்றுப் பிந்தித் தருகிறது. ஒரு பாடகி தன் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஈக்யூவில் எதைச் செய்தும் சரியாகவில்லை. அரங்கத்துக்கும் மானிட்டருக்கும் ஒரே மிக்சர் என்பதால், அரங்கத்துக்காகக் குரல் சேனலில் போட்டிருந்த டீ-எஸ்ஸர் பிளக்-இன் (கூர்மையான 'ஸ்' ஒலியைக் குறைப்பது), மானிட்டருக்கான ஆக்ஸ் சென்ட் பிரியும் இடத்துக்கு முன்பே அமர்ந்திருந்தது. அதே மைக்கை இன்னொரு சேனலுக்கும் பேட்ச் செய்து, அதில் மிக்சரின் சொந்தக் கம்ப்ரெசரை மட்டும் வைத்து, மெயினுக்குப் போகாமல் இன்-இயருக்கு மட்டும் அனுப்பினோம். ஒரு வரி பாடியதுமே அவர் முகம் மாறியது.

டிஜிட்டல் வயர்லெஸ் மைக்கே பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிசெகண்ட் எடுக்கும், மிக்சர் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் சேர்க்கும். அதன்மேல் கணினிக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து. டான்டே (நெட்வொர்க் வழியாக ஒலியை அனுப்பும் முறை) கருவிகளுக்கிடையே 1 மில்லிசெகண்ட் போதுமென்று பழகியவர்கள், கணினியில் இயங்கும் டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டின் வழக்கமான அமைப்புகள் 4, 6, 10 மில்லிசெகண்ட் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் சிறு தாமதத்துக்கு, இன்-இயருக்குப் போகும் குரலின் போலாரிட்டியைத் திருப்பி, எது நிறைவாக இருக்கிறது என்று பாடகரையே கேளுங்கள். பலருக்கு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

முதலாமவரின் கூடுதல் குறிப்பு:

கணினி நடுவில் நின்றுவிட்டால் இன்சர்ட்டை மட்டும் அணைப்பது போதாது. மற்ற மைக்குகளுக்குக் கொடுத்த ஈட்டு டிலே அப்படியே இருந்தால் வேறுபாடு எதிர்த்திசையில் திரும்பிவிடும். ஆகவே இன்சர்ட்டுகளையும் அந்த டிலேக்களையும் சேர்த்து அணைக்கும் ஒரு சீனை (மிக்சரில் சேமித்துவைக்கும் அமைப்பு) தயாரித்து, அதை நாமே பணி ஒதுக்கக்கூடிய ஒரு யூசர் கீயில் வைத்து, ஒலிச் சோதனையின்போதே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.