வளவு வீட்டுச் சொந்தங்களின் உரையாடல் குழு: சாத்தப்பனின் சறுக்கும் சக்கரங்கள்

உமையாள்: அனைவருக்கும் வணக்கம். முன்னோர் வழிபாடான படைப்பைப் பற்றிய பேச்சுக்கு நடுவே இதைக் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை சாத்தப்பனுக்கு, இரண்டு சிறு ரோபோக்கள் ஒன்றையொன்று களத்துக்கு வெளியே தள்ளும் மினி சுமோ ரோபோ போட்டி. நேற்று கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஓட்டிப் பார்த்தபோது, எதிரே வைத்த அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக்கூட அது தள்ளவில்லை. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. சிலிக்கோன் சக்கரம் வாங்குவதா, பாலியூரிதேன் சக்கரம் வாங்குவதா?

மெய்யப்பன் (சிங்கப்பூர்): பொட்டலத்தை அங்கேயே விட்டுவிடுங்கள், எறும்புகள் தள்ளிவிடும்.

லெட்சுமணன் ஐயா: பட்டாலையில் ஓட்டுவதற்கு யாரைக் கேட்டீர்கள்? ஆத்தங்குடிக் கல்லில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது.

சிகப்பி ஆச்சி: சென்ற படைப்பின்போது தங்கள் பேரன் அதே கல்லில் சைக்கிள் ஓட்டினான், ஐயா. அன்று யாரும் கோட்டை எண்ணவில்லை.

வள்ளியப்பன் அண்ணன்: உமையாள், வாங்குவதை ஒரு நாள் தள்ளிப் போடு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும். போதாக்குறைக்கு நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோம். அந்தத் தரையில் எந்தச் சக்கரமும் தோற்கும். போட்டிக் களமோ 77 செ.மீ. விட்டமுள்ள, கறுப்புப் பூச்சுப் பூசிய வட்டப் பலகை. ஒரு பிளைவுட் துண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அதில் ஓட்டிப் பார்க்கச் சொல். பிடிமானம் என்பது சக்கரப் பொருளின் குணம் மட்டுமன்று. சக்கரம், தரை, இரண்டுக்கும் இடையில் கிடக்கும் தூசி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

லெட்சுமணன் ஐயா: என் அப்பச்சி மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். ரப்பரைப் பற்றி இந்த வீட்டிலேயே பாடமா?

மெய்யப்பன் (சிங்கப்பூர்): அந்தத் தோட்டத்துக் கணக்கு எங்கள் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இன்னும் வந்து சேரவில்லை என்பதை இவ்விடத்தில் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

வள்ளியப்பன் அண்ணன்: கணக்கைப் படைப்பன்று பேசிக்கொள்ளலாம். ரப்பர் என்று ஐயா எடுத்துக் கொடுத்ததால் சொல்கிறேன்: இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். சாத்தப்பா, இப்போது எந்தச் சக்கரம் போட்டிருக்கிறாய்?

சாத்தப்பன்: மோட்டாரோடு வந்த மஞ்சள் சக்கரம், அம்மான். மேலே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.

வள்ளியப்பன் அண்ணன்: புது டியூபில் ஒட்டாமல் இருக்க வெள்ளைத் தூள் தூவியிருப்பார்கள், அதைக் கழுவினாயா?

சாத்தப்பன்: இல்லை.

சிகப்பி ஆச்சி: பவுடர் பூசிக்கொண்டு மல்யுத்தத்துக்குப் போயிருக்கிறது.

வள்ளியப்பன் அண்ணன்: சோப்பு போட்டுக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை. பிறகு ரோபோவின் பின்புறத்தை ஸ்பிரிங் தராசில் கட்டி, தராசைச் சுவரோடு பிணைத்து, பலகைமேல் முழு வேகத்தில் இழுக்க விடு. சக்கரம் சுழன்றபடி வழுக்கினால் குறை பிடிமானத்தில் இருக்கிறது. சக்கரமே நின்றுவிட்டால் குறை மோட்டாரில் இருக்கிறது, அப்போது எந்தச் சக்கரம் வாங்கினாலும் பணம் வீண். சமையலறைத் தராசில் சக்கரங்களின் மேல் மட்டும் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதையும் பார்த்துச் சொல்.

உமையாள்: என் ஸ்பிரிங் தராசு சிகப்பி ஆச்சி வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

சிகப்பி ஆச்சி: திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றே நினைவு. எதற்கும் பரணில் பார்க்கிறேன்.

(மாலை 6.40)

சாத்தப்பன்: அம்மான், மொத்தம் 480 கிராம், அதில் சக்கரங்களின் மேல் 310 கிராம்தான், மீதி முன் தகட்டில் இறங்குகிறது. கழுவுவதற்கு முன் தராசு 190 கிராம் காட்டியது, கழுவிய பின் 250. இரண்டு முறையும் சக்கரம் வழுக்கியது, நிற்கவில்லை.

வள்ளியப்பன் அண்ணன்: அப்படியானால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். 310 கிராமுக்கு 250 என்றால் உராய்வுக் குணகம், அதாவது சக்கரத்தின் மேலுள்ள எடைக்கு இழுவை எத்தனை பங்கு என்ற விகிதம், ஏறத்தாழ 0.8. செலவில்லாமல் இதற்கு மேலும் பெறலாம்: பேட்டரியைப் பின்னுக்கு நகர்த்திச் சக்கரங்களின் மேல் 390 கிராம் இறங்கும்படி செய்தால் அதே டியூபே 310 வரை இழுக்கும். முன் தகட்டை அதற்கு மேல் இலேசாக்காதே; அது தரையோடு படிந்திருந்தால்தான் எதிரியின் அடியில் நுழையும், நுழைந்துவிட்டால் எதிரியின் எடையும் உன் சக்கரத்துக்கு வந்து சேரும். இதைச் செய்த பிறகு சிலிக்கோனைப் பற்றிப் பேசலாம். ரப்பர் போன்றவற்றின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 20, 30 என்ற மென்மையுள்ள சிலிக்கோன் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பிடிப்பதால், சுத்தமாக இருக்கும்போது குணகம் 1-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆனால் தூசியை உடனே இழுத்துக்கொள்ளும், எளிதில் கிழியும், சாதாரணப் பசை எதுவும் அதில் ஒட்டாது. பாலியூரிதேன் உழைக்கும், அதே மென்மையில் கிடைப்பதுதான் அரிது. எனக்குச் சிலிக்கோன்மேல்தான் சாய்வு.

உமையாள்: மேலும் ஒட்டுவதற்கு எதையாவது தடவலாமா?

வள்ளியப்பன் அண்ணன்: கூடாது. சக்கரத்தை ஏ4 தாளின் மேல் வைத்துத் தூக்கினால் இரண்டு வினாடிக்கு மேல் தாள் ஒட்டியிருக்கக் கூடாது என்று விதி வைத்துச் சோதிப்பார்கள். விதித்தாளை ஒருமுறை நீயே படித்துவிடு.

மெய்யப்பன் (சிங்கப்பூர்): சிலிக்கோன் சக்கரத்தை நான் இங்கிருந்து அனுப்பட்டுமா?

உமையாள்: சனிக்கிழமைக்குள் வருமா, தம்பி?

மெய்யப்பன் (சிங்கப்பூர்): அது உறுதியில்லை.

லெட்சுமணன் ஐயா: பலகையை முகப்பில் போட்டு ஓட்டிக்கொள்ளட்டும். பட்டாலையைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

சாத்தப்பன்: பேட்டரியை நகர்த்திவிட்டேன், அம்மான். தராசு இப்போது 300 காட்டுகிறது.

சிகப்பி ஆச்சி: அது என் வீட்டுப் பரணில் கிடைத்த தராசு என்பதை யாரும் சொல்ல மாட்டீர்கள். சனிக்கிழமை பிள்ளையை யார் அழைத்துப் போகிறீர்கள்?