மறு: ‘ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் நண்பர்களுக்கு,

எதிர்பாராத சம்பவம் நடந்ததும், முழு விபரம் தெரியுமுன் ஒரு நிறுவனம் ஊடகங்களுக்கு விடும் சிறு குறிப்புத்தான் ‘ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஒருவர் சொன்னது:

> ‘இடைக்கால அறிக்கை’ என்றே போட்டுவிடலாம். வழக்கில் உள்ள சொல்தானே?

வழக்கில் இருப்பதுதான் சிக்கல். 2017இல் இலங்கையில் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழு வெளியிட்டதும் இடைக்கால அறிக்கைதான். மாதக்கணக்கில் இருந்து எழுதும் ஆவணத்தின் பெயரை, சம்பவம் நடந்த கையோடு ஐந்து வரியில் போகவேண்டிய ஒன்றுக்கு வைத்தால் ஒட்டாது.

இந்தச் சொல்லை யாருக்காகத் தேடுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். ஊடகக் கற்கை முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பத்திரிகை, வானொலி, யூடியூப் மட்டும்தான் கண்ணில் படுகிறது. வங்கி, காப்புறுதிக் கம்பனி, தொலைபேசி நிறுவனம், தனியார் வைத்தியசாலை போன்ற இடங்களிலும் பொதுசனத் தொடர்பு அல்லது நிறுவனத் தொடர்பாடல் என்று வேலை இருக்கிறது. அதற்கு ஆயத்தப்படுத்தும் கைநூலுக்குத்தான் இந்தச் சொற்பட்டியல். (‘கூட்டுத்தாபனத் தொடர்பாடல்’ வேண்டாம் என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. கூட்டுத்தாபனம் என்றால் இலங்கையில் அரசாங்கத்தினுடையதுதான் நினைவுக்கு வரும். தயவுசெய்து அதைத் திரும்பக் கிளறாதீர்கள்.)

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்குச் சேர்பவருக்குத் தொடக்க காலம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் போகும். கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் ஊடக அறிக்கையைத் தமிழாக்குவது, கிளைத் திறப்புவிழாப் படத்துக்கு இரண்டு வரி எழுதுவது. ஆளின் திறமை அதில் தெரியாது. ஏதாவது பிழைத்துப்போகும் நாளில்தான் தெரியும். கொழும்பிலிருந்து தமிழ்ப் பிரதி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் வட்ஸ்அப்பில் வேறு கதை ஊரைச் சுற்றிவிடும். நேரடியாகத் தமிழில் எழுதக்கூடியவரை நிறுவனம் அன்றைக்குத்தான் தேடும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போன படகு நடுவழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

“இன்று காலை 8 மணிக்குக் குறிகட்டுவானிலிருந்து புறப்பட்ட படகு வழியில் நின்றுள்ளது. அதில் 42 பயணிகள் உள்ளனர். அவர்களை ஏற்றிவர வேறொரு படகு சென்றிருக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவலை 9.30க்குத் தருவோம்.”

‘இயந்திரக் கோளாறு’ என்று ஊகித்து எழுதக்கூடாது. ஆட்களைக் கணக்குப் பார்க்காமல் ‘அனைவரும் நலம்’ என்றும் எழுதக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசி வரி. 9.30 என்று சொல்லிவிட்டால், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 9.30க்கு “இன்னும் தெரியவில்லை, அடுத்தது 10.30க்கு” என்றாவது போகவேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் நிருபர் வேறு யாரிடமாவது கேட்பார், அவர் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லுவார்.

பொதுசனத் தொடர்புப் பாடநூல்களில் ஊடக அறிக்கையின் தொடக்கமாகக் காட்டப்படுவதும் ஒரு விபத்துத்தான். 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேயில் வேலைசெய்த ஐவி லீ, முன்னாள் பத்திரிகை நிருபர், விபத்தை மூடிமறைக்காமல் தகவலைத் தாங்களே பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்படி செய்தார். (பிற்காலத்தில் அவர் ஹிட்லர் காலத்து ஜெர்மன் கம்பனிக்கும் ஆலோசகராக இருந்தார். கைநூலில் அதையும் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி.)

சரி, சொல்லுக்கு வருவோம். ‘அறிக்கை’ வேண்டாம். ‘அறிக்கை விடுகிறார்’ என்றாலே இங்கே அரசியல்வாதியின் முகம்தான் வரும். ‘அறிவித்தல்’ நல்ல சொல்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் அறிவித்தல் என்றால் வீட்டுப் பெரியவர்கள் “ஆர் செத்தது?” என்று கேட்பார்கள். ‘தற்காலிகக் குறிப்பு’ என்றால் நாளைக்கு மாற்றிச் சொல்லலாம் என்ற எண்ணம் வந்துவிடும். இதில் எழுதியது நாளைக்கும் உண்மையாக இருக்கவேண்டும்.

நான் சொல்வது ‘முதற்குறிப்பு’. முதல் என்றால் அடுத்தது ஒன்று வரும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. அடுத்தடுத்து வருபவை தொடர்குறிப்புகள். விசாரணை முடிந்தபின் வருவது முடிவறிக்கை. அங்கே அறிக்கை என்ற சொல் தகும்.

— யாழ்ப்பாணத்திலிருந்து

மறு: மறு:

> நான் சொல்வது ‘முதற்குறிப்பு’.

ஐயா, எங்கள் பக்கம் செய்திக்குறிப்பு என்றாலே நீங்கள் சொல்லும் ஊடக அறிக்கைதான். முதற்குறிப்பு என்றால் அதன் முதல் டிராஃப்ட் என்று நினைத்துவிட மாட்டார்களா? அப்புறம், ‘முதல் தகவல்’ என்று வைத்தால் இன்னும் எளிமையாக இல்லையா?

— சென்னையிலிருந்து

மறு: மறு: மறு:

தம்பி, ‘முதல் தகவல் அறிக்கை’ உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்துச் சொல் அல்லவா? கம்பனி தன்மேல் தானே வழக்குப் பதிந்தமாதிரி ஆகிவிடும். டிராஃப்டுக்கு ‘வரைவு’ என்ற சொல் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்டதற்காக விளக்கத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன்:

முதற்குறிப்பு: எதிர்பாராத சம்பவத்தின்போது, முழு விபரம் தெரியுமுன் நிறுவனம் வெளியிடும் சுருக்கமான குறிப்பு. உறுதியாகத் தெரிந்தது, இப்போது செய்யப்படுவது, அடுத்த தகவல் வரும் நேரம் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும்.

வேறு ஆட்சேபம் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பட்டியலில் சேர்க்கிறேன். அடுத்தது ‘ஸ்டேக்ஹோல்டர்’, அதாவது நிறுவனம் செய்வதால் நன்மையோ பாதிப்போ அடையக்கூடியவர். ‘பங்குதாரர்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அது பங்கு வாங்கியவர்.